வாலிழந்த விசிறிவால்

சாக்குத் துணியின் முடிச்சை அவள் அவிழ்த்தாள்.

சேவல் தலையை வெளியே நீட்டியது. வெள்ளை விழி. கிளியின் அலகைப் போல வளைந்து இறங்கிய மூக்கு. சுற்றி நின்றவர்கள் ஓரடி நெருங்கி வந்தார்கள்.

அவள் துணியை முழுக்க உருவினாள்.

யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர்.

வால் இல்லை.

இரண்டரை அடி நீளத்துக்கு விசிறி போல் விரிந்து தரையைத் தொட வேண்டிய இடத்தில் இரண்டே இறகுகள். அதில் ஒன்று பாதியில் ஒடிந்திருந்தது.

கிளிமூக்கு விசிறிவால் சேவல்களுக்கென்றே நடக்கும் கண்காட்சி அது. மூக்கையும் வாலையும் வைத்துத்தான் அந்த இனத்துக்கே பெயர்.

“நாப்பத்தி மூணு. நாகஜோதி, வேடசந்தூர்” என்றது ஒலிபெருக்கி.

பெண் பெயர் என்பதால் மறுபடியும் ஒரு சிரிப்பு.

அவள் சேவலைப் பாயின் மேல் இறக்கிவிட்டாள்.

ஒன்பது நாளுக்கு முன்பு வரை அந்த வால் இருந்தது. அது மண்ணில் தேயக்கூடாது என்று வாசல் முழுக்க ஆற்று மணல் கொட்டியிருந்தாள். மழை நாளில் சேவலைத் தூக்கிவந்து கட்டிலில் விட்டாள். நான்கு வருடம்.

அன்று உச்சி வெயில். கொல்லையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். வாசல் பக்கத்து வேலியைத் தாண்டி இரண்டு நாய்கள் வந்தன.

நாட்டுக் கோழிகள் அலறிக்கொண்டு முருங்கையில் ஏறிவிட்டன.

சேவலும் ஏறியிருக்கலாம். பக்கத்திலேயே குட்டிச்சுவர். ஒரே தாவு.

ஏறவில்லை.

அதன் குணம் அவளுக்குத் தெரியும். தீவனம் போட்டால் முட்டி மோதாது. மற்றவை தின்று ஒதுங்கிய பிறகுதான் வரும். அவள் கையைத் தவிர வேறு கை பட்டால் சிலிர்த்துக்கொள்ளும். சண்டைக்குப் போகாது. வந்த சண்டைக்கு முதுகு காட்டாது.

சேவலுக்குப் பின்னால் பெட்டை அடையில் உட்கார்ந்திருந்தது.

முன்னால் வந்த நாயின் முகத்தில் சேவல் அடித்தது. திரும்பத் திரும்ப அடித்தது. இரண்டாவது நாய் சுற்றிக்கொண்டு வந்து வாலைக் கவ்வியது. அப்போதும் சேவல் திரும்பவில்லை. அவள் மண்வெட்டியோடு ஓடிவந்து விரட்டியபோது வாசல் மணலெல்லாம் இறகு.

பெட்டை முட்டைகளை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தவளிடம் கணவன் இருளப்பன் சொன்னான்.

“பொழச்சதே பெருசு. இந்த வருசம் விட்டுரு புள்ள.”

“பேரு குடுத்தாச்சுங்க.”

“வாலில்லாம என்னத்தக் கொண்டுபோய்க் காட்டப்போற? சிரிப்பானுங்க.”

“சிரிக்கட்டும்.”

நாய்களுக்கு முன்னால் சேவல் ஓடாமல் நின்றது. நின்றதைக் கொண்டுபோய் ஒளித்து வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

இருளப்பன் கூடவே வந்தான். ஆனால் பந்தலுக்கு வெளியே டீக்கடைப் பக்கமே நின்றுவிட்டான்.

நடுவர் வந்தார். அறுபதைத் தாண்டியவர். மதிப்பெண் தாளை அக்குளில் இடுக்கிக்கொண்டு பாயில் குந்தினார்.

மூக்கைப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார். கழுத்தின் நீளத்தை விரலால் அளந்தார்.

“வாலு என்னாச்சும்மா?”

“நாய்ங்கய்யா. ரெண்டு நாய்.”

அவர் கை சேவலின் நெஞ்சுக்குப் போனது. இறகுகளுக்கு அடியில் விரல்கள் நின்றன. அங்கே காய்ந்துகொண்டிருந்த காயங்கள். ஒன்று, இரண்டு. மூன்றாவதும் இருந்தது.

அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

“வாலுக்கு நான் ஒண்ணும் போட முடியாது தாயி.”

“போடாதீங்கய்யா.”

அந்த நேரம் ஒலிபெருக்கி வீறிட்டது. காது கிழிந்தது. வரிசையில் இரண்டு சேவல்கள் பிடித்திருந்த கையை உதறிக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடின. பின்னாலேயே உடையவர்கள் ஓடினார்கள். ஒரே கூச்சல்.

அவளுடையது கழுத்தை மட்டும் உயர்த்தியது.

நின்ற இடத்திலேயே நின்றது.

சிரித்தவர்களில் சிலர் இப்போது சிரிக்கவில்லை. அவள் அதைக் கவனிக்கவில்லை. சேவலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் பரிசு கரூர்க்காரர் ஒருவருக்குப் போனது. அழகான சேவல். அதன் வால் பாயைத் தாண்டி இறங்கியிருந்தது. அவளும் கை தட்டினாள். மனதாரவே தட்டினாள்.

கூட்டம் கலைந்தது. பந்தலைப் பிரிக்க ஆரம்பித்தார்கள்.

அவள் துணியை விரித்தாள். ஒரு முனையை வேறொரு கை பிடித்தது. இருளப்பன். எப்போது உள்ளே வந்தான் என்று தெரியவில்லை.

“ஏம்மா.”

நடுவர் நின்றிருந்தார். கையில் தாள் இல்லை. சொல்ல வந்ததை எங்கே தொடங்குவது என்று தெரியாதவர் போல மேல்துண்டை ஒருமுறை சரிசெய்துகொண்டார்.

“எங்கிட்ட ஒரு பெட்ட இருக்கு. நல்ல வழில வந்தது. ஊர்ல இருக்குற சேவ எதுகூடயும் நான் சேத்ததில்ல. இவன்கிட்டக் கொண்டாந்து விடலாமா?”

“வாலில்லாத சேவலுக்காய்யா?”

“வாலு மொளச்சுரும் தாயி.”

இருளப்பன் அவளைப் பார்த்தான். சரியென்று சொல்லிவிடு என்று அவன் கண் சொன்னது.

அவள் சேவலைத் துணியில் வைத்துச் சுற்றினாள். ஒடிந்த இறகு மடங்காமல் பார்த்துக்கொண்டாள். நிதானமாக முடிச்சுப் போட்டாள்.

பிறகு நிமிர்ந்தாள்.

“மொதல்ல ஒங்க பெட்டய நான் பாக்கணும்யா.”