ஒரே வழவழப்பு

சத்தியவேட்டில் பிரியங்காவின் வாடகை அறை. ஞாயிறு மதிய வெயில் பாயின்மேல் விழுகிறது. மூன்று நண்பர்களும் வாரம் தவறாமல் ஆடும் கோட்டை விளையாட்டின் புதிய பதிப்பைச் சுனில் பிரிக்கிறான். பார்வையில்லாத ஸ்வர்ணலதாவின் மடியில் பழைய பெட்டி இருக்கிறது. அதில் யானை, குதிரை, கோபுரம் எல்லாம் மரக்காய்கள், தடவினாலே தெரியும். புதியதில் அட்டைகள் மட்டும்தான். "எல்லாரும் இப்ப இதத்தான் ஆடிக்கினு கீறாங்க லதா. பழச உட்டுடலாம்," என்கிறான் சுனில். அவள் ஓர் அட்டையை வாங்கித் தடவுகிறாள். பிறகு இன்னொன்றை. எல்லாம் ஒரே வழவழப்பு. "உன்னுத நான் படிச்சி சொல்றேன்," என்கிறாள் பிரியங்கா. "அப்ப என் கையில இன்னா கீதுன்னு உனக்குத் தெரிஞ்சிடுமே. அப்பறம் நான் எப்பிடி ஜெயிக்கிறது?" ஸ்வர்ணலதா அட்டைகளைத் திருப்பிக் கொடுக்கிறாள். "சரி, நீங்க ஆடுங்க. நான் கேட்டுக்கினு கீறேன்," என்று சொல்லிச் சுவரோரம் நகர்கிறாள். வேண்டாம் என்று யாராவது கையைப் பிடிப்பார்கள் என நினைக்கிறாள். சுனில் அட்டைகளைக் கலைத்துப் பங்கு போடுகிறான். அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று விழும் சத்தம் கேட்கிறது. அவள் பக்கம் எதுவும் விழவில்லை.