பச்சைக் குடும்பம்

"அந்தக் குடும்பம் அந்தத் தெருவுல இருக்கக் கூடாது, மார்ட்டி. இன்னைக்கே கிளப்புங்க."

வென்டெல் கிராடக் சொல்லிவிட்டுச் சுருட்டைப் பற்றவைத்தார். எதிரே இருந்த மார்ட்டி கெஸ்லர் வீட்டுக்காரர் இல்லை, கதாசிரியர். கிராடக் கிளப்பச் சொன்னது அவருடைய கதையில் வரும் குடும்பத்தை.

வெள்ளிக்கிழமை தோறும் டிவியில் ஒரு விஞ்ஞானக் கதை. வாரா வாரம் புது மனிதர்கள், புது உலகம். 1960இல் அமெரிக்கா அந்த அரைமணி நேரம் தொலைபேசியைக்கூட எடுக்காது. செலவு ஒரு ஃப்ரிட்ஜ் கம்பெனியுடையது. கதைகளால் ஃப்ரிட்ஜுக்குப் பங்கம் வராமல் காப்பது கிராடக்கின் உத்தியோகம். பனி மூடி உலகமே அழிகிற கதையில், "இருந்தாலும் குளிர்ச்சி உடம்புக்கு நல்லதுதான்" என்று கதாநாயகனைச் சொல்ல வைத்தவர் அவர்.

"கறுப்பர் குடும்பம் ஒண்ணு வெள்ளைக்காரத் தெருவுல வீடு வாங்குது. தெருவே கூடி விரட்டுது. இதுல என்ன சார் தப்பு? நிஜமா நடக்கிறதுதானே?" என்றார் மார்ட்டி.

"நடக்கிறதுதான் தப்பு. தெற்கே இருக்கிற எங்க ஏஜென்ட்டுங்க இதைப் பாத்தா, மறுநாளே அத்தனை ஃப்ரிட்ஜையும் திருப்பி அனுப்பிடுவாங்க. அதுல ஒண்ணுக்குள்ள என்னையும் வச்சுத்தான் அனுப்புவாங்க. எனக்கு வேற வேலை தெரியாதுய்யா."

"அப்ப கதையைக் குப்பையில போட்டுடவா?"

"அவசரப்படாதீங்க. செவ்வாய் கிரகத்துக்குக் கொண்டு போங்க."

"செவ்வாய்க்கா?"

"பூமியில நடந்தா நாளைக்கே பழசாயிடும். செவ்வாய்ல நடந்தா உங்க பேரன் காலத்துலயும் ஓடும், யாருக்கும் வலிக்காது." தான் சொன்னது தனக்கே பிடித்துப்போய், கிராடக் சுருட்டை ஒருமுறை ரசித்து இழுத்தார்.

மார்ட்டி முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். தோள்கள் லேசாகக் குலுங்கின. பாவம், கலைஞன், என்று கிராடக் நினைத்துக்கொண்டார்.

"சரி சார். விரட்டறவங்க?"

"அங்க குடியேறினவங்க. சாதாரணமா, நம்ம மாதிரி இருக்கட்டும்."

"வந்த குடும்பமும் நம்ம மாதிரியே இருந்தா எதுக்கு விரட்டறாங்கன்னு கேப்பாங்களே?"

இது நியாயமான கேள்வி. "நிறத்தை மாத்துங்க," என்றார் கிராடக்.

"நீலம்?"

"எங்க புது மாடலே நீலம்தான்யா! எங்க ஃப்ரிட்ஜையா விரட்டறாங்க?"

"சிவப்பு?"

"கம்யூனிஸ்ட்டான்னு வாஷிங்டன்ல கூப்பிட்டு விசாரிப்பாங்க. உங்களையும் என்னையும் சேத்து."

"மஞ்சள்?"

"காமாலைன்னு நினைப்பாங்க. சாப்பிடற நேரம்." கிராடக் கூரையைப் பார்த்து யோசித்தார். அறிவு பளிச்சிட்டது. "பச்சை! பச்சையா இருக்கிற எவனும் உலகத்துல கிடையாது. எவனும் புகார் எழுத முடியாது."

"பச்சையா..." மார்ட்டியின் குரல் உள்ளே போனது. "ரொம்ப லேசாப் பூசிக்கிறோம் சார். வெளிர் பச்சை."

"தண்ணி கலந்து காசு மிச்சம் பிடிக்கப் பாக்கிறீங்களா? நல்லா அடர்த்தியா, ரெண்டு கோட்டு. மிச்ச வசனம் அப்படியே இருக்கட்டும். செவ்வாய்ல யார் என்ன பேசினா நமக்கென்ன?"

"ஒரு வரிகூட மாத்த வேண்டாமா?"

"நான் ஒண்ணும் ராட்சசன் இல்ல, மார்ட்டி."

படப்பிடிப்பன்று கிராடக் நேரிலேயே போய்ப் பார்த்தார். அப்பா, அம்மா, மகள், மூன்று பேரும் சுத்தமான வெள்ளைக்கார நடிகர்கள். இருந்தாலும் விசாரித்து உறுதி செய்துகொண்டார். கழுத்து, காது மடல், விரல் இடுக்கு என்று பாக்கி இல்லாமல் முற்றின கறிவேப்பிலைப் பச்சை. மகளின் முழங்கையில் ஓரிடம் விட்டுப்போயிருந்தது. பிரஷ்ஷை வாங்கித் தன் கையாலேயே பூசிவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அலபாமாவில் ஒரு ஹோட்டல் கூடம். தெற்கத்தி ஏஜென்ட்டுகள் அத்தனை பேரையும் மனைவி மக்களோடு வரவழைத்து, பொரித்த கோழி பரிமாறி, பெரிய டிவிப் பெட்டிக்கு முன்னால் உட்கார வைத்திருந்தார் கிராடக்.

"ஏதோ ஏடாகூடமான கதைன்னு கேள்விப்பட்டோமே?" என்றார் ஏஜென்ட்டுகளில் மூத்தவரான பெரியவர் டால்டன். அவர் தும்மினால் நான்கு மாநிலக் கடைகளுக்கு ஜலதோஷம் பிடிக்கும்.

"இருந்துச்சுங்க ஐயா. வேரோட பிடுங்கிட்டேன். இப்ப கதை நடக்கிறது செவ்வாய்ல. பாருங்க, நிம்மதியாச் சாப்பிட்டுக்கிட்டே பாருங்க."

கதை தொடங்கியது. ஒரு வீட்டு வாசல். தட்டுமுட்டுச் சாமான்களோடு அப்பா, அம்மா, நடுவில் மகள். சுற்றிலும் கல்லும் கம்புமாக, வெளுத்த முகங்கள். "உங்க தோலுக்கு இந்தத் தெரு கேக்குதா?" என்று கத்தினான் கூட்டத்தில் ஒருவன். "நாங்க என்ன தப்பு செஞ்சோம்?" என்று கேட்டாள் மகள்.

கூடத்தில் மெல்லும் சத்தம் நின்றது. டால்டன் கோழிக்காலைத் தட்டில் வைத்துவிட்டு மெதுவாகத் திரும்பினார்.

"கிராடக், இவங்கல்லாம் என்ன நிறம்?"

"பச்சைங்க ஐயா," என்றார் கிராடக், கறுப்பு வெள்ளை டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.