முறுக்கும் கோதுமையும்

கல்யாணத்துக்கு ஒரு சங்கிலி போதும், மற்றது நாளைக்கே பேங்க் லாக்கருக்கு என்று சொல்லிவிட்டு, செண்பகவல்லி இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு மூடினாள். கழுத்துக்குப் போவது யார் என்று உள்ளே அடிதடி. இரண்டும் நன்றாகச் சிக்கிக்கொண்டன.

“முதல்ல நீ விடுடா கிழவா,” என்றது முறுக்குச் சங்கிலி.

“நேத்து வந்த பயல் நீ. நீ விடு,” என்றது கோதுமைச் சங்கிலி.

விடிய விடியப் பேசியும் ஒரு கண்ணிகூட நகரவில்லை.

காலையில் செண்பகவல்லி ஊக்கால் நெம்பிப் பார்த்தாள். நேரமாகிவிட்டதால் சிக்கலோடு இரண்டையும் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். மண்டபத்தில் ஏழெட்டுப் பேர், “புது டிசைனா இருக்கே, எந்தக் கடை?” என்று கேட்டார்கள்.

வீடு திரும்பியதும் அவள் மறுபடி ஊக்கை எடுத்தாள்.

“அண்ணே,” என்றது முறுக்கு, “கொஞ்சம் இறுக்கிப் பிடிங்க.”