ஒரு 'யே' குறைகிறது

"மறுபடியும் ஒரு 'யே'யை முழுங்கிட்டீங்க!"

அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பியவளுக்குத் தலை கொதித்தது. காலையிலிருந்து இதே கூத்து. கணவனோ சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒன்றும் நடக்காதது போல் இடது கையால் டீயைக் கலக்கிக்கொண்டிருந்தான்.

"'வூல் யே யே ஹூத்?' உடம்பு நல்லா இருக்கான்னு அர்த்தம். எங்கே, சொல்லுங்க."

"யே வூல்..."

"ஐயோ! கேள்வின்னா வினைச்சொல் முன்னாடி வரணும். பச்சைக் குழந்தைகூட இந்நேரம் சொல்லியிருக்கும்!"

"தமிழ்ல கடைசியில ஒரு 'ஆ' போட்டா கேள்வி முடிஞ்சுது. இது என்ன மொழியோ, வாக்கியத்தையே புரட்டிப் போடணுமாம். அதுல ரெண்டு 'யே' வேற!"

"ஒண்ணு 'நீ', இன்னொண்ணு 'உன்னை'. நீ உன்னை நல்லா உணர்றியான்னுதான் டச்சுல கேக்கணும்."

"ஒண்ணை விட்டா குடியா முழுகிடும்?"

"முழுகும்! வர்றவங்களுக்கு டச்சைத் தவிர எதுவும் தெரியாது. உங்களைப் பாக்கத்தான் இவ்வளவு தூரம் வர்றாங்க. நீங்க வாயைத் திறந்து ஒரு வார்த்தை விசாரிக்கலைன்னா அவங்க மனசு விட்டுப்போயிடும்."

அவன் டீயை நகர்த்தி வைத்தான். "உனக்குச் சொல்லிக்குடுத்த வாத்தியாரும் இப்படித்தான் கத்தினாரா?"

"இதைவிட மோசம். ஒரு நாள் புத்தகத்தையே ஜன்னல் வழியா வீசிட்டார்."

"பாவம், நல்ல மனுஷன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "சொல்லுங்க" என்று அதட்டினாள். அதற்குள் அழைப்பு மணி அடித்தது.

வாசலில் நரைத்த தலையும் நனைந்த மழைக்கோட்டுமாக ஓர் அம்மாள், கையில் பெட்டி. உள்ளே வந்தவர் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். அவன் மேசையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தான்.

"வூல்... யே... ஹூத்?"

போச்சு! அவள் தலையில் அடித்துக்கொண்டாள். இவ்வளவு கத்தியும் கடைசி நேரத்தில் காலை வாரிவிட்டானே மனுஷன்!

வந்தவரோ பெட்டியைக் கீழே போட்டுவிட்டு, அவன் முகத்தை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அழுகையும் சிரிப்புமாக அவளிடம் டச்சில் சொன்னார்:

"உனக்கு டச்சு சொல்லிக்குடுத்தவன், பக்கவாதம் வந்து அந்தத் தாய்மொழியையே மறந்துட்டான், உன்கிட்ட கத்துக்கிட்ட தமிழ் மட்டும்தான் மிச்சம்னு போன்ல அழுதியே மருமகளே! எங்கே மறந்தான்? என் மடியில உக்காந்து பேசப் பழகினப்பவும் என் பிள்ளை அந்த ஒரு 'யே'யை இப்படித்தான் முழுங்குவான்."