பீப்பாய் போகும் வழி

"எங்க தெரு வழியா அந்த வண்டி போகக் கூடாது. அவ்வளவுதான்."

குடியிருப்போர் சங்கச் செயலாளர் மேஜையை ஒரு தட்டுத் தட்டினார். எதிரே, அளக்கும் டேப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அணுமின் நிலையத்து இன்ஜினியர். காலையிலிருந்து தெருவை அளந்துகொண்டிருந்தவரை சங்க ஆபீசுக்கு அழைத்து வந்து உட்கார வைத்தாயிற்று.

"சார், உலையில பயன்படுத்தி முடிச்ச எரிபொருள் அது. பல வருஷம் தண்ணித் தொட்டியில கிடந்து சூடு தணிஞ்சது. இப்ப கிடங்குக்குக் கொண்டுபோறோம், கனத்த இரும்புப் பீப்பாய்க்குள்ள வச்சு. அந்த மாதிரி பீப்பாயை உயரத்துலேர்ந்து கீழே போட்டுப் பார்த்தாச்சு. நெருப்புல வாட்டிப் பார்த்தாச்சு. தண்ணியில முக்கியும் பார்த்தாச்சு. ஒண்ணும் ஆகலை."

"யார் காதுல பூ சுத்தறீங்க? ஒண்ணும் ஆகாதுன்னா எதுக்கு அவ்வளவு கனமான பீப்பாய்?"

"கனமா இருக்கறதாலதான் சார் ஒண்ணும் ஆகாது."

செயலாளருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. வீட்டில் மருமகள் மாசமாக இருக்கிறாள். அவள் படுக்கும் அறையின் ஜன்னல் தெருவைப் பார்த்தது.

"பின் தெரு இருக்கே, அது வழியா விடுங்களேன்."

"அங்கயும் வீடுங்க இருக்கே சார்."

"இருக்கு. ஆனா சங்கம் இல்லை."

இன்ஜினியர் எழுந்தார். டேப்பை எடுத்துக்கொண்டு பின் தெருவை அளக்கப் போனார்.

மூலையில் பெருக்கிக்கொண்டிருந்த பெண் துடைப்பத்தை நிறுத்தினாள். அவள் குடியிருப்பது பின் தெருவில்.

"சார், அதுல ஆபத்து ஏதாவது இருக்குமா? வீட்ல கைக்குழந்தை இருக்கு. வாசப்படியைத் தாண்டினா ரோடு."

செயலாளரின் குரல் சட்டென்று இளகியது.

"அட, நீ வேற. கனத்த இரும்புப் பீப்பாய்மா அது. உயரத்துலேர்ந்து போட்டாங்க, நெருப்புல வாட்டினாங்க, தண்ணியில முக்கினாங்க. ஒரு கீறல் விழலை. படிச்சவங்க சும்மாவா சொல்வாங்க? கண்டதையும் நினைச்சு மனசைக் குழப்பிக்காதே."

கீறல் விழவில்லை என்று இன்ஜினியர் சொல்லவேயில்லை. அது செயலாளர் தன் பங்குக்குச் சேர்த்தது.

அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்" என்று மறுபடி பெருக்க ஆரம்பித்தாள்.

மேஜைக்கடியில் பெருக்குவதற்குள் இன்ஜினியர் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார்.

"பின் தெரு முனை ரொம்பக் குறுகல் சார். அவ்வளவு நீள வண்டி அங்க திரும்பாது. உங்க தெரு வழியாத்தான் வரும்."

சொல்லிவிட்டு அவர் கிளம்பிப் போனார்.

செயலாளர் முகத்தில் ஈயாடவில்லை. நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார்.

"மருமக மாசமா இருக்காளே... அவளை எங்க கொண்டுபோய் வைப்பேன்?"

பெருக்கிக்கொண்டிருந்தவளுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. துடைப்பத்தைச் சுவரோரம் சாத்திவிட்டு அருகில் வந்தாள்.

"ஒண்ணும் ஆகாதுதான் சார். ஆனாலும் பெரியவங்க மனசு கேக்காதுல்ல. வண்டி வர்ற அன்னிக்கு மருமகப் பொண்ணைக் கூட்டிக்கிட்டு எல்லாரும் எங்க வீட்டுக்கு வந்துடுங்க."