கன்னி மூலை

பீரோ ஒரு விரற்கடைகூட நகரவில்லை.

"உங்கம்மா கல்யாணத்துக்கு வந்த பாத்திரம் மொத்தமும் அதுலதான் கெடக்குது. எங்க நகரும்?" என்றாள் பாஞ்சாலை அக்கா. எதிர் வீடு. எங்கள் வீட்டில் டம்ளர் விழுந்தால் யார் கையிலிருந்து விழுந்தது என்று அங்கிருந்தே சொல்லிவிடுவாள்.

நான் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடியும் தோள் கொடுத்தேன்.

தை பிறந்ததும் பெங்களூரில் வேலைக்குச் சேர வேண்டும். அதற்குள் இந்த வீட்டில் ஒரு கல்யாணம் பேசி முடித்தாக வேண்டும். ஐப்பசிப் பௌர்ணமியே வந்துவிட்டது. ஜாதகம், பரிகாரம் என்று போனால் கதைக்கு ஆகாது. அதனால் சீனாக்காரனைப் பிடித்தேன்.

செங்கம் ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டரில் எனக்கு வேலை. ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரம்மா ஒருத்தி பிரிண்ட் எடுத்துவிட்டு மறந்துபோன பதினோரு பக்கம் என் கைக்கு வந்தது. ஃபெங் சுயி. வீட்டில் எந்த மூலையில் எதை வைத்தால் வாழ்க்கையில் எது நடக்கும் என்று படம் போட்டு எழுதியிருந்தது. நம்பிக்கை இருக்கிறதா என்றால், பாதி இருக்கிறது. மீதிக்குப் பிடிவாதம் இருக்கிறது.

வாசலை அடைத்துக் கிடந்த அறுந்த செருப்பு, உடைந்த குடை, பிளாஸ்டிக் குடம் எல்லாம் காலையிலேயே வெளியே போய்விட்டன. வருகிறவர் தடுக்கி விழாமல் உள்ளே வர வேண்டுமாம். படுக்கையறையில் எதுவும் ஒற்றையாக இருக்கக்கூடாதாம். ஒற்றை நாற்காலிக்குப் பாஞ்சாலை அக்கா வீட்டிலிருந்து ஜோடி வந்தது. கட்டிலில் இரண்டாவது தலையணை ஏறியது.

பாக்கி இருந்தது அதே அறையின் தென்மேற்கு மூலை. அதுதான் கல்யாணத்துக்கான மூலை, அங்கே வெளிச்சமும் காற்றும் வர வேண்டும் என்றது ஒன்பதாம் பக்கம். அங்கேதான் ஒன்பது வருஷமாக ஜன்னலை மறைத்துக்கொண்டு பீரோ நிற்கிறது. அப்பா செத்துப்போன வருஷம், தென்மேற்கில் கனம் வைத்தால் குடும்பம் நிலைக்கும் என்று யாரோ சொல்ல, அம்மா அங்கே தள்ளி வைத்தாள்.

"கன்னிமூலை சும்மா கெடந்தா வூட்டுக்கு ஆவாதுடி" என்று முதலில் முறைத்த பாஞ்சாலை அக்கா, விஷயம் கல்யாணம் என்றதும் கட்சி மாறிவிட்டாள். "அதானே! கன்னிக்குக் கல்யாணம் ஆவணும்னா கன்னிமூலையத்தானே கெளப்பணும்!"

நான் அவளைத் திருத்தவில்லை. தள்ளுவதற்கு ஆள் வேண்டியிருந்தது.

அம்மா அடுப்படியில் புளிசாதம் கட்டிக்கொண்டிருந்தாள். கலெக்டர் ஆபீசில் டைப்பிஸ்ட். அப்பா இறந்ததால் கருணை அடிப்படையில் கிடைத்த வேலை. பௌர்ணமி தவறாமல் ஆபீஸ் ஆட்களோடு மலை சுற்றப் போவாள். ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும்.

"பீரோ நவுந்தாத்தான் மாப்பிள வருவானா?" என்று கையைத் துடைத்துக்கொண்டே வந்து தானும் ஒரு தோள் கொடுத்தாள். பாவம், என் கல்யாணத்தில் அவளுக்கு அவ்வளவு ஆசை.

மூன்று பேரும் மூச்சைப் பிடித்தோம். பீரோ தரையைக் கீறிக்கொண்டு ஒரு கத்துக் கத்தியது. நகர்ந்தது.

ஜன்னல் கொக்கி துருவேறிக் கிடந்தது. பூரிக்கட்டையால் இரண்டு தட்டுத் தட்டினேன். கதவு திறந்ததும் ஒன்பது வருஷத்துத் தூசு எங்கள் தலையில் கொட்டியது. எதிரே மலை, அடியிலிருந்து உச்சிவரை முழுசாக.

பாஞ்சாலை அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அம்மாவும் கையைக் கூப்பினாள். கூப்பிய கை அப்படியே நின்றது. அவள் பார்வை மலையிலிருந்து தெருவுக்கு இறங்கியிருந்தது.

தெருமுனை டீக்கடையில், பெஞ்ச் காலியாக இருந்தும் உட்காராமல், தோளில் ஜோல்னாப் பையும் வெறுங்காலுமாக எங்கள் மாடிப்படியைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார் சக்கரபாணி சார். ஆபீசில் அம்மாவுக்கு எதிர் மேசை. மனைவியை இழந்து ஆறு வருஷம் ஆகிறது. அம்மா சொல்லும் ஆபீஸ் ஆட்கள் ஒரு காலத்தில் ஏழு பேர். ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, ஒன்றரை வருஷமாக ஆபீஸ் ஆட்கள் என்றால் இவர் ஒருவர்தான்.

அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். மணி நாலேகால்.

"ஆறு மணிக்குத்தானே வரச் சொன்னேன்?"

"ஒவ்வொரு பௌர்ணமிக்கும் நாலு மணிக்கே வந்துடுறாரும்மா. பீரோ மறைச்சிருந்தது, உனக்குத் தெரியல."

பாஞ்சாலை அக்கா என்னைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு கட்டிலைப் பார்த்தாள். நான் ஹாலில் பாய் போட்டுப் படுக்கிறவள் என்பது அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். இந்த அறை அம்மாவுடையது. கட்டிலும் அம்மாவுடையது.

"அடுப்புல பால் வெச்சிட்டு வந்துட்டேன்" என்று போய்விட்டாள். மத்தியானத்திலிருந்து எங்கள் வீட்டிலேயே இருந்தவள்.

அம்மா திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன். அழுதால் என்ன செய்வது என்று பதினோரு பக்கத்தில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

அவள் வெகுநேரம் ஜன்னலைவிட்டு வரவில்லை. வந்ததும் நேராகக் கட்டிலுக்குப் போய், நான் போட்டிருந்த இரண்டாவது தலையணையைக் கையில் எடுத்தாள். ஒரு தட்டுத் தட்டினாள். திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாடி இது, இவ்ளோ அழுக்கா கெடக்குது" என்றாள். "வேற உறை போடு."