மிரட்டலுக்கு ஐந்து வார்த்தை

வேலூர் கோர்ட்டில் நீதிபதியான வெள்ளைக்காரத் துரைக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் கோதண்டராமனுக்கு, மிரட்டலுக்கு மட்டும் இங்கிலீஷில் ஐந்து வார்த்தை தெரியும்.

"சங்கத்துல சேர்ந்தா குடிசை எரியும்னு மொதலாளி மிரட்டினாரு சாமி!" என்று கூண்டில் அழுதாள், ஆம்பூர் தோல் மண்டியில் வேலை செய்யும் எல்லம்மா.

கோதண்டராமன் அந்த ஐந்தையும் விட்டுவிட்டு, 'முதலாளி எச்சரித்தார்' என்று இங்கிலீஷில் சொல்லிவைத்தார். அக்கறையுள்ள முதலாளி என்று துரை வழக்கைத் தள்ளிவிட்டார்.

வீட்டில், சேதி கேட்ட மனைவி அமிர்தவள்ளி பொரிந்து தள்ளினாள்.

"இன்னாங்க இது அநியாயம்! நேத்து அந்த மொதலாளி கொண்டாந்த மாம்பழக் கூடைக்கா உங்க இங்கிலீஷை வித்தீங்க?"

"பழத்துக்கு இல்லடி. கூடையை வச்சிட்டு, நம்ம பாப்பா எந்தத் தெரு வழியா பள்ளிக்கூடம் போவுதுன்னு சிரிச்சிக்கினே கேட்டாரு."